டிஜிட்டல் பிளானிலிருந்து பரப்பளவு எடுக்கும் முறை: பூச்சு, பெயின்ட், தரை வேலைகளுக்கு

பி.டி.எஃப் வடிவில் வரும் கட்டடப் பிளானைக் கணினித் திரையில் திறந்து, அறையின் மூலைகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து வந்தால், அதன் பரப்பளவைச் சதுர மீட்டரிலோ சதுர அடியிலோ உடனே காட்டும் டேக்ஆஃப் மென்பொருள்கள் இன்று சிறிய ஒப்பந்ததாரர்களின் அலுவலகங்களுக்கும் வந்துவிட்டன. புளூபீம் ரெவ்யூ, பிளான்ஸ்விஃப்ட் போன்றவை இதற்கென்றே இருப்பவை. விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் அடோபி அக்ரோபாட் ரீடரில் உள்ள அளவெடுக்கும் கருவியைக் கொண்டே ஒரு வீட்டுக்கான தரைப் பரப்பை எடுத்துவிடலாம். மென்பொருள் எதுவாயினும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றுதான்: நீங்கள் கிளிக் செய்த மூலைகளின் ஆயத்தொலைவுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, அவை அடைக்கும் பலகோணத்தின் பரப்பைக் கண்டு, ஸ்கேலின் (தாளில் உள்ள நீளம் மனையில் எத்தனை மடங்கு என்ற விகிதத்தின்; 1:100 என்றால் நூறு மடங்கு) வர்க்கத்தால் பெருக்கித் தருகிறது. நீங்கள் எந்தக் கோட்டை வரைந்தீர்களோ அதன் பரப்பை அது பிழையின்றிச் சொல்லும். அந்தக் கோடு சரியானதா, ஸ்கேல் சரியானதா, கதவையும் ஜன்னலையும் எந்த விதிப்படி கழிக்க வேண்டும் என்பவற்றை அது அறியாது. இந்த மூன்றையும் கிளிக் செய்யத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி என்பதால், கீழே மென்பொருளின் பொத்தான்களைவிட அவற்றைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கோப்பைச் சோதித்தல்

முதலில், கையில் இருக்கும் கோப்பு ஆட்டோகேடு போன்ற வரைகலை மென்பொருளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்டதா, காகிதப் பிளானை ஸ்கேன் செய்ததா என்று பார்க்க வேண்டும். திரையில் பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். நேரடிக் கோப்பில் கோடுகள் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாகவே நிற்கும். ஸ்கேன் கோப்பில் அவை புள்ளிகளாகச் சிதறும். நேரடிக் கோப்பாக இருந்தால், கோட்டின் முனையில் சுட்டியைத் தானே ஒட்டவைக்கும் ஸ்நாப் வசதியை இயக்கிக்கொள்ளலாம். அது கையின் தடுமாற்றத்தை முற்றிலும் நீக்கிவிடும். ஸ்கேன் கோப்பில் அந்த வசதி பயன்படாது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்த 1:100 பிளானில் ஒரு புள்ளி என்பது மனையில் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர், 150 புள்ளிகள் என்றால் 17 மில்லிமீட்டர். பூச்சு வேலைக்கு இது போதுமான நுட்பம்தான். ஆனால் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பப்பட்ட பிளானில் ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் விரிந்தும் இருக்குமாதலால், எந்த ஸ்கேலும் அதன் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது. அத்தகைய படத்தில் அளவெடுக்காமல், எழுதப்பட்ட அளவுகளை எடுத்து எக்செலில் பெருக்கிக்கொள்வதே நேர்மையான வழி.

பிளானின் வலது கீழ் மூலையில் உள்ள தலைப்புக் கட்டத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஸ்கேலுக்கு உட்படாதது' என்று குறிக்கப்பட்ட விவரப் படங்கள் அதே தாளில் இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. எழுதப்பட்ட அளவும் அளந்து கிடைத்த அளவும் முரண்பட்டால் எழுதப்பட்டதே செல்லும் என்பது கட்டடத் துறையின் பொது வழக்கம். எனினும் முரண்பாடு ஓர் அங்குலத்தைத் தாண்டினால், எது சரி என்று வரைந்தவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது பின்னால் பில் நேரத்தில் உதவும்.

ஸ்கேலை நிலைநிறுத்துதல்

தலைப்புக் கட்டத்தில் 1:100 என்று எழுதியிருப்பதாலேயே மென்பொருளில் 1:100 என்று தேர்ந்தெடுத்துவிடக் கூடாது. அந்த விகிதம் பிளான் வரையப்பட்ட தாளின் அளவுக்கு மட்டுமே பொருந்தும். ஏ1 தாளுக்காக வரையப்பட்ட பிளான் ஏ3 தாளின் அளவில் பி.டி.எஃப் ஆக்கப்பட்டிருந்தால் நீளங்கள் எல்லாம் பாதியாகும், பரப்பு நான்கில் ஒன்றாகும். 120 சதுர மீட்டர் தரை 30 சதுர மீட்டர் என்று வரும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் போவது, தாளுக்குள் அடங்குமாறு சுருக்கி அச்சிட்ட பிளான்தான். நீளம் 95 விழுக்காடாகச் சுருங்கினால் பரப்பு சுமார் 90 விழுக்காடாகிவிடும், ஆனால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளிலும், எழுதப்பட்ட ஓர் அளவின் இரு முனைகளையும் கிளிக் செய்து, அதன் உண்மையான நீளத்தைக் கொடுத்து ஸ்கேலை நிலைநிறுத்த வேண்டும். இதைத்தான் புளூபீமில் கேலிபிரேட் என்கிறார்கள்.

எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். 1:100 பிளானில் கிளிக் ஒரு மில்லிமீட்டர் விலகினால் மனையில் 100 மில்லிமீட்டர் விலகுகிறது. 900 மில்லிமீட்டர் கதவை வைத்து ஸ்கேல் எடுத்தவருக்கு அது 11 விழுக்காட்டு நீளப் பிழை, பரப்பில் 20 விழுக்காட்டுக்கும் மேல். அதே விலகல் 12 மீட்டர் நீளமுள்ள வெளிச்சுவரில் நேர்ந்தால் நீளத்தில் 0.8 விழுக்காடு, பரப்பில் 1.7 விழுக்காடு அளவுக்கே நிற்கும். எனவே தாளில் உள்ள மிக நீளமான அளவை, பெரும்பாலும் முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை எழுதப்பட்ட மொத்த அளவை, நன்றாகப் பெரிதாக்கிய நிலையில் கிளிக் செய்ய வேண்டும். பிறகு அதற்குச் செங்குத்தான திசையில் வேறோர் எழுதப்பட்ட அளவை அளந்து பார்க்க வேண்டும். கிழமேற்காகச் சரியாகவும் தென்வடலாகத் தவறாகவும் வந்தால் ஸ்கேன் ஒரு திசையில் இழுபட்டிருக்கிறது என்று பொருள். செங்குத்துத் திசைக்குத் தனி ஸ்கேல் கொடுக்கும் வசதி புளூபீமில் உண்டு. ஒரே தாளில் தரைப் பிளான் 1:100 ஆகவும் வெட்டுத்தோற்றம் 1:50 ஆகவும் இருந்தால், வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு ஸ்கேலை ஒதுக்கும் வியூபோர்ட் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அடி, அங்குலத்தில் வரைந்த பிளான் நம் ஊரில் இன்னும் ஏராளம். 10 அடி 6 அங்குலத்தை 10.6 என்று தட்டச்சு செய்வது அன்றாடம் நடக்கும் தவறு, அது 10.5 அடி. பில் சதுர மீட்டரில் வேண்டுமானால் அளவெடுப்பை அடியிலேயே முடித்து, இறுதியில் ஒரே முறை 10.764 ஆல் வகுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே மாற்றி முழுமைப்படுத்தினால் கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போகும்.

எந்தக் கோட்டின் மேல் வரைவது

ஒரு சுவருக்குப் பிளானில் இரு கோடுகள். பல பிளான்களில் நடுக்கோடும் தூண்களின் அச்சுக்கோடும் சேர்ந்து நான்காகிவிடும். தரை ஓடு, உட்பூச்சு, உட்கூரைப் பூச்சு ஆகியவற்றுக்கு அறையின் உள்முகக் கோட்டிலும், வெளிப்பூச்சுக்குச் சுவரின் வெளிமுகக் கோட்டிலும் வரைய வேண்டும். உள்ளளவு 4.00 × 3.00 மீட்டர் உள்ள அறையின் தரை 12.00 சதுர மீட்டர். ஸ்நாப் வசதி அச்சுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு 230 மில்லிமீட்டர் சுவரின் நடுவில் வரைந்துவிட்டால், அதே அறை 4.23 × 3.23 ஆகி 13.66 சதுர மீட்டர் என்று வரும். ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதல்; ஓடு வாங்கும்போது இது சிறிய தொகை அல்ல. அறையைச் சுற்றி வந்து மூடும் முன், ஒவ்வொரு மூலையும் எந்தக் கோட்டில் ஒட்டியிருக்கிறது என்று ஒரு முறை பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

பரப்பு எதற்காக என்பதும் கோட்டை மாற்றும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியாவில் வெளிச்சுவர்களின் தடிப்பு, குழாய்கள் செல்லும் குழிவுகள், தனி உரிமையுள்ள பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேரா. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் தடிப்பு சேரும். ஆகவே அதற்கு அறை அறையாக வரைந்து கூட்டினால் குறைவாக வரும். வெளிச்சுவர்களின் உள்முகத்தை ஒட்டி ஒரே பலகோணமாக வரைந்து, குழிவுகளைக் கழிக்க வேண்டும். தரை ஓட்டின் கணக்குக்கும் கார்பெட் ஏரியாவுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது தவறாகச் சொல்கிறார்கள்.

வரையும்போது கோடு தன்னைத் தானே குறுக்கே வெட்டிக்கொள்ளக் கூடாது. மூலைகளை வரிசை மாற்றிக் கிளிக் செய்து பலகோணம் எட்டின் வடிவில் முறுக்கிக்கொண்டால், இரு மடல்களின் பரப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மிகக் குறைந்த எண் வரக்கூடும். அறைக்குள் ஒரு முறை கிளிக் செய்தாலே சுவர்வரை நிறத்தை நிரப்பித் தரும் தானியங்கி வசதிகளும் உண்டு. அவை கதவு இடைவெளியின் வழியே அடுத்த அறைக்குக் கசிவதையும், கோடுபோட்டு நிரப்பிய இடங்களிலும் எழுத்துகளிலும் தடைபட்டு நின்றுவிடுவதையும் கவனிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. நாற்கோண அறைகளுக்கு நான்கு கிளிக் போதும் என்பதால், வீட்டு வேலைகளில் இவ்வசதி பெரிதாக நேரத்தை மிச்சப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவர்ப் பரப்பும் உயரமும்

சுவரின் பரப்பு பிளானில் தெரியாது. நீளம் மட்டுமே தெரியும். அறையின் உட்சுற்றளவை நீளக் கருவியால் எடுத்து, உயரத்தைக் கொடுத்தால் பெருக்கித் தரும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. உயரத்தை வெட்டுத்தோற்றத்திலிருந்து எடுக்க வேண்டும். தளத்திலிருந்து தளம் வரையுள்ள உயரத்தை அப்படியே இட்டுவிடாமல், உட்பூச்சுக்கு, மேலேயுள்ள கான்கிரீட் தளத்தின் தடிப்பைக் கழித்த சுத்த உயரத்தையும், வெளிப்பூச்சுக்கு முழு உயரத்துடன் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு உட்பக்கமும் மேல்முகமும் உண்டு. சன்ஷேடுக்கு மேல், கீழ், முன்விளிம்பு என மூன்று முகங்கள் உண்டு. தரைப் பிளானில் மட்டும் கண்ணை வைத்திருப்பவர் விட்டுவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். குளியலறையில் டேடோ ஓடு, அதாவது சுவரின் கீழ்ப்பகுதியில் பதிக்கும் ஓடு, 2.10 மீட்டர் உயரம் வரை செல்கிறது என்றால், அந்த உயரத்துக்கு ஓட்டின் அடிப்பூச்சும் அதற்கு மேல் சாதாரணப் பூச்சும் என இரண்டு தனி உருப்படிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முகப்புத் தோற்றப் படத்தில் வெளிச்சுவரை நேரடியாக வரைந்து பரப்பு எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முகப்பு முழுவதும் ஒரே தளத்தில் இருந்தால் எடுக்கலாம். உள்வாங்கிய திண்ணை, முன்தள்ளிய பால்கனி, கோணத்தில் திரும்பும் சுவர் ஆகியவை இருந்தால் அவற்றின் பக்கச் சுவர்கள் அந்தப் படத்தில் மறைந்தோ குறுகியோ இருக்குமாதலால், பிளானில் நீளம் எடுத்து உயரத்தால் பெருக்குவதே சரி.

கதவு, ஜன்னல் கழிவு

சண்டை வரும் இடம் இதுதான். மென்பொருளில் ஒரு திறப்பைக் கழிப்பது எளிது. புளூபீமில் கட்அவுட் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. எல்லாத் திறப்புகளையும் அப்படியே கழித்துவிடுவதை இந்திய அளவீட்டு முறை ஏற்பதில்லை. பூச்சு வேலைக்கு, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200, பகுதி 12 சொல்வது, சுருக்கமாக, இதுதான். 0.5 சதுர மீட்டரைத் தாண்டாத திறப்புகளுக்குக் கழிவு இல்லை; அவற்றின் பக்க முகங்களுக்குக் கூடுதல் அளவும் இல்லை. 0.5க்கு மேல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு, சுவரின் இரு முகங்களிலும் ஒரே பூச்சு என்றால் ஒரு முகத்தில் மட்டுமே கழிக்க வேண்டும்; மறுமுகத்தில் கழிக்காமல் விடுவது, ஜாம்ப் எனப்படும் பக்க முகங்களையும் திறப்பின் மேல், கீழ் முகங்களையும் பூசுவதற்கு ஈடாகும். இரு முகங்களிலும் வெவ்வேறு பூச்சு என்றால், நிலையின் எந்தப் பக்கத்தில் ஜாம்ப் குறைவான அகலம் உள்ளதோ அந்தப் பக்கத்தில் கழித்து, மறுபக்கத்தை விட்டுவிட வேண்டும். அகலம் இரு பக்கமும் சமம் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் பாதி. 3 சதுர மீட்டரைத் தாண்டிய திறப்பை இரு முகங்களிலும் முழுவதும் கழித்து, ஜாம்ப் முதலிய முகங்களைத் தனியே அளந்து கூட்ட வேண்டும்.

முன்பு சொன்ன 4.00 × 3.00 மீட்டர் அறையையே எடுத்துக்கொள்வோம். சுத்த உயரம் 3.00 மீட்டர் என்றால், சுற்றளவு 14.00 மீட்டராதலால் மொத்தச் சுவர்ப் பரப்பு 42.00 சதுர மீட்டர். அடுத்த அறைக்குச் செல்லும் கதவு 1.00 × 2.10, அதாவது 2.10 சதுர மீட்டர். வெளிச்சுவர் ஜன்னல் 1.50 × 1.20, அதாவது 1.80, வென்டிலேட்டர் 0.60 × 0.45, அதாவது 0.27. வென்டிலேட்டர் 0.5க்குள் இருப்பதால் அதைத் தொட வேண்டாம். கதவின் இரு பக்கமும் ஒரே உட்பூச்சு என்பதால் அதை இந்த அறையில் கழித்தால் அடுத்த அறையில் கழிக்கக் கூடாது. ஜன்னல் இருக்கும் சுவரில் உள்ளே 12 மில்லிமீட்டர், வெளியே 20 மில்லிமீட்டர் என்று பூச்சு வேறுபடுகிறது. நிலை உட்பக்கத்தை ஒட்டி வைக்கப்பட்டிருந்தால் உட்பக்க ஜாம்ப்தான் குறுகியது, ஆகவே ஜன்னலை உள்ளே கழித்து, வெளியே விட்டுவிட வேண்டும். இந்த அறையின் உட்பூச்சு 42.00 − 2.10 − 1.80 = 38.10 சதுர மீட்டர். கூடத்தில் 2.40 × 2.10 அளவில் நகரும் கண்ணாடிக் கதவு இருந்தால் அது 5.04 சதுர மீட்டர்; உள்ளும் புறமும் கழித்து, நிலை போக மிஞ்சும் சுவர்த் தடிப்பு 0.13 மீட்டர் என்றால், இரு பக்கங்களும் மேல்முகமும் சேர்ந்த 6.60 மீட்டர் நீளத்துக்கு 0.86 சதுர மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இதை மென்பொருளில் நிறைவேற்ற எளிய வழி, சுவரைக் கழிவின்றி மொத்தமாக எடுத்துவிட்டு, திறப்புகளைத் தனி உருப்படிகளாக, '0.5க்குள்', '3க்குள்', '3க்கு மேல்' என்ற மூன்று வகைகளில் எண்ணிக்கைக் கருவியால் குறித்துக்கொண்டு, கழிவை எக்செலில் செய்வதாகும். சுவரிலேயே வெட்டிவிட்டால், எந்தத் திறப்பு எந்தப் பக்கத்தில் கழிக்கப்பட்டது என்பதைப் பின்னால் சரிபார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. ஓர் உட்கதவை இரு அறைகளிலும் கழித்துவிட்டால் ஒப்பந்ததாரருக்கு 2.10 சதுர மீட்டர் இழப்பு. பத்துக் கதவுகளுள்ள வீட்டில் அது 21 சதுர மீட்டர். தனியார் வீட்டு வேலைகளில் கதவு, ஜன்னலையே கழிக்காமல் கூலி பேசிக்கொள்வதும், எல்லாவற்றையும் கழிப்பதாகப் பேசிக்கொள்வதும் உண்டு. அவற்றில் தவறில்லை, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே.

பெயின்டுக்கு வேறொரு நுணுக்கம் இருக்கிறது. கதவின் தட்டையான பரப்பை அப்படியே எடுக்காமல், அதே ஐ.எஸ். 1200இன் பகுதி 15 தரும் பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும்: சட்டமிட்ட பலகைக் கதவுக்கு ஒரு பக்கத்துக்கு 1.30, ஃபிளஷ் கதவுக்கு 1.20, முழுக் கண்ணாடிக் கதவுக்கு 0.80. 2.10 சதுர மீட்டர் பலகைக் கதவின் இரு பக்கமும் சேர்ந்து 5.46 சதுர மீட்டர் ஆகிறது. இந்தப் பெருக்கெண்ணை மென்பொருளில் அந்த உருப்படியின் சூத்திரத்திலேயே ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், பிறகு கதவுகளை எண்ணினால் போதும்.

சாய்ந்தவையும் வளைந்தவையும்

பிளான் எப்போதும் மேலிருந்து பார்த்த நிழல்தான். சாய்ந்த கூரையின் உண்மையான பரப்பு அதில் தெரிவதைவிடக் கூடுதல். 30 பாகைச் சாய்வுள்ள ஓட்டுக் கூரைக்குப் பிளான் பரப்பை 1.155 ஆல் பெருக்க வேண்டும். படிக்கட்டின் அடிப்பகுதியும் அப்படியே: படியின் உயரம் 150, மிதியின் அகலம் 300 மில்லிமீட்டர் என்றால் பெருக்கெண் 1.118. புளூபீமின் பரப்புக் கருவியில் சாய்வைக் கொடுக்க இடம் இருக்கிறது. கொடுத்தபின் கிடைக்கும் எண்ணைக் கையால் ஒரு முறை பெருக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சாய்வைப் பாகையாகக் கேட்கிறதா விகிதமாகக் கேட்கிறதா என்பதில் தடுமாற்றம் வருவது சாதாரணம்.

வளைந்த சுவர்களை நேர்கோட்டுத் துண்டுகளாகக் கிளிக் செய்தால் பரப்பு குறையும். ஒரு முழு வட்டத்தை அதன் விளிம்பில் 12 கிளிக்குகளால் சுற்றினால் 4.5 விழுக்காடு குறைவாகவும், 24 கிளிக்குகளால் சுற்றினால் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவாகவும் வரும். வில் வரையும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துக.

பெயரிடுதல், சரிபார்த்தல், திருத்தம்

ஒவ்வோர் அளவுக்கும் மாடி, அறை, வேலை ஆகிய மூன்றும் தெரியும்படி பெயர் வைத்து, வேலைவாரியாக நிறம் பிரிக்க வேண்டும். உட்பூச்சு ஒரு நிறம், ஓடு ஒரு நிறம் என்று இருந்தால், நிறமின்றி வெறுமையாக நிற்கும் அறை திரையில் தானே தெரிந்துவிடும். ஓட்டில் உடைவுக்கும் வெட்டுக்கும் சேர்க்கும் கூடுதலை அளவில் கலக்கக் கூடாது. அளவு சுத்தமாக நிற்கட்டும், கூடுதல் கொள்முதல் பட்டியலில் தனிக் கட்டத்தில் வரட்டும். பட்டியலை எக்செலுக்கு அனுப்பும்போது, குறிப்புகளோடு கூடிய பி.டி.எஃப் கோப்பையும் அதே பெயரில் சேமித்து வைத்தால், அளவுப் புத்தகத்தில் ஏற்றும் பொறியாளர் ஒவ்வோர் எண்ணையும் அதன் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு குறுக்குச் சோதனை: ஒரு மாடியின் எல்லா அறைகளின் சுத்தத் தரைப் பரப்பையும், சுவர்களும் தூண்களும் குழிவுகளும் அடைக்கும் பரப்பையும் கூட்டினால், வெளிமுகத்தைச் சுற்றி வரைந்து பெற்ற மொத்தப் பரப்பு கிடைக்க வேண்டும். சுவர் அடைக்கும் பரப்பை எடுக்கும்போது சந்திப்புகளில் இருமுறை எண்ணாமல் பார்த்துக்கொண்டால், வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள் நிற்கும். அதற்கு மேல் போனால் ஓர் அறை விடுபட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு பலகோணம் அச்சுக்கோட்டில் ஒட்டியிருக்கும்.

திருத்தப்பட்ட பிளான் வரும்போது பழையதன் மேல் புதியதை வைத்து, மாறிய கோடுகளை வேறு நிறத்தில் காட்டும் ஒப்பீட்டு வசதியை இயக்க வேண்டும். புதிய தாள் வேறு அளவில் பி.டி.எஃப் ஆக்கப்பட்டிருக்கலாம் என்பதால், பழைய குறிப்புகளை அதில் ஒட்டும் முன் ஸ்கேலை மீண்டும் நிலைநிறுத்தி, இரு திசைகளிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கோப்பை அழிக்காமல் திருத்த எண்ணுடன் தனியே வைத்திருந்தால், கூடுதல் வேலைக்கான பில்லில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறை அறையாகக் காட்டலாம்.